வால்நட்சத்திரம் யாருக்கு வந்த ஓலை?

(பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "விஞ்ஞானமும் கடவுளும் மனிதனும்" என்பதாகும். இது மூன்று ராத்திரிக்குப் பேசவேண்டிய சங்கதி. தலைவர் அவர்கள் எனக்கு அளந்து கொடுத்திருப்பதோ ஒன்றரை மணி நேரம். ஆகையால் மூன்றையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்டுப் பார்ப்பதற்கு ஒரு முளைக்குச்சி வேண்டியிருந்தது. வால்நட்சத்திரத்தையே நான் முளைக்குச்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் காலேஜ் வாசற்படியை மிதித்தவனல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் நூலகத்திலும் பழைய புஸ்தகக் கடையிலும் தேடிப் படித்ததேயாகும். ஆகவே நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் எதையும் நம்பவேண்டாம். வருஷம், தேதி, ஆள் பெயர் எல்லாம் சொல்லுகிறேன். சரிதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வேறொரு மேடையில் இதே வானத்தைப் பற்றிப் பேசுகிறவர் உங்களுக்கு இந்தச் சௌகரியத்தைக் கொடுக்கமாட்டார் என்பதை மாத்திரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்நட்சத்திரம் தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது என்பது நம் நாட்டுப் பேச்சு. தூமகேது என்று பெயர் வைத்து, பஞ்சம் வரும், கொள்ளைநோய் வரும், அரசு கவிழும் என்று எழுதி வைத்தார்கள். இது நம் நாட்டு மூடத்தனம் மாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாக்காரனும் அப்படியே நம்பினான். சீனாக்காரனும் அப்படியே நம்பினான். ஆனால் சீனாக்காரன் ஒரு நல்ல காரியம் செய்தான். பயந்துகொண்டேயாவது தேதியைக் குறித்து வைத்தான். கி.மு. 240-ல் அவன் குறித்து வைத்தது இன்றைக்கும் வானசாஸ்திரிகளுக்குப் பயன்படுகிறது. பயம் போய்விட்டது; குறிப்பு நிற்கிறது.

1066-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தெரிந்தது. அந்த வருஷமே நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்தான். இங்கிலாந்து அரசன் ஹரால்டு யுத்தத்தில் மாண்டான். அதைத் துணியில் சித்திரத் தையலாகப் போட்டு வைத்தார்கள். வானத்தைக் காட்டி ஜனங்கள் பயப்படுவதுகூட அதில் இருக்கிறது. சரி, அந்த நட்சத்திரம் கெட்ட சகுனமா, நல்ல சகுனமா? ஹரால்டைக் கேட்டால் கெட்டது என்பான். வில்லியமைக் கேட்டால், "எனக்கு ராஜ்யம் வாங்கிக் கொடுத்த நட்சத்திரமல்லவா!" என்பான். உலகத்தில் எந்த வருஷந்தான் ஒரு ராஜா சாகாமல் இருந்தான்? எந்த வருஷந்தான் ஒரு மூலையிலாவது பஞ்சமில்லாமல் இருந்தது? வானத்தில் என்ன தோன்றினாலும் அதற்குப் பொருத்தமாகப் பூமியில் ஒரு பிணம் கிடைக்கத்தானே செய்யும்?

இனி, இந்த ஓலையைப் பிரித்துப் படித்தவரின் சங்கதிக்கு வருவோம். அவர் பெயர் எட்மண்ட் ஹாலி. 1682-ல் ஒரு வால்நட்சத்திரத்தை அவரே கண்ணால் பார்த்தார். அவருடைய சிநேகிதர் நியூட்டன், மாம்பழம் மரத்திலிருந்து கீழே விழுவதும் சந்திரன் பூமியைச் சுற்றுவதும் ஒரே விதியினால்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதைப் புஸ்தகமாகப் போடும்படி அவரைத் தூண்டியவரே ஹாலிதான். அச்சுப் போட அங்கிருந்த விஞ்ஞான சங்கத்திடம் பணமில்லை. காரணம், கையிலிருந்த பணத்தையெல்லாம் மீன்களைப் பற்றிய ஒரு படப் புஸ்தகத்தில் போட்டுவிட்டார்கள், அதுவும் விற்கவில்லை! ஆகவே 1687-ல் நியூட்டன் புஸ்தகத்தை ஹாலி தன் கைப்பணத்தைப் போட்டு வெளியிட்டார். பிறகு சங்கம் அவருக்குக் கொடுக்கவேண்டிய சம்பளத்திற்குப் பதிலாக விற்காமல் கிடந்த மீன் புஸ்தகங்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லியது. அறிவை வளர்த்தவர்களுக்கு அப்போதும் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

அந்த ஹாலி பழைய குறிப்புகளைப் புரட்டினார். 1531-ல் ஒரு வால்நட்சத்திரம். 1607-ல் ஒன்று. 1682-ல் தான் பார்த்தது ஒன்று. நடுவில் 76 வருஷம், 75 வருஷம். மூன்றும் வந்த வழி ஒன்றாகவே இருந்தது. இது மூன்றல்ல, ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது என்று 1705-ல் அச்சிட்டார். 1758-ஆம் வருஷ வாக்கில் மறுபடியும் வரும் என்று கணித்தார். அதைப் பார்க்கத் தான் உயிரோடு இருக்கமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும், 1742-ல் இறந்துபோனார். இதற்கெல்லாம் முன்பே, 1691-ல், ஆக்ஸ்போர்டில் வானசாஸ்திரப் பேராசிரியர் உத்தியோகத்துக்கு அவர் முயன்றபோது கிடைக்கவில்லை. மதத்திற்கு மாறான எண்ணமுடையவர் என்ற சந்தேகமும் அதற்கொரு காரணம் என்று சொல்லப்படுகிறது.

1758 நெருங்கிற்று. பிரான்சில் கிளேரோ என்ற கணித நிபுணர், எந்த மாதம் வரும் என்று நுட்பமாகக் கணக்குப் போட எண்ணினார். வியாழனும் சனியும் வழியில் இழுத்து வால்நட்சத்திரத்தைத் தாமதப்படுத்துமாதலால் அது லேசான கணக்கல்ல. லாலாண்ட் என்பவரும் மேடம் லெபோத் என்ற அம்மையாரும் உட்கார்ந்து, ஆறு மாதத்துக்கு மேலாகக் காலை முதல் இரவு வரை, சில நாள் சாப்பாட்டு வேளையில்கூட விடாமல், கூட்டிக் கழித்துக் கொடுத்தார்கள். 618 நாள் தாமதமாகும், 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிகக் கிட்டே வரும் என்று விடை வந்தது. உண்மையில் வந்தது மார்ச்சு 13-ந் தேதி. 76 வருஷக் கணக்கில் ஒரு மாதம் பிசகு! பெண்ணுக்கு மூளையேது என்று கேட்கிறவர்கள் அந்த அம்மையார் போட்ட கணக்கைப் பார்க்கட்டும். கிளேரோ பிற்பாடு எழுதிய புஸ்தகத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். விஞ்ஞானிகளிலும் இப்படிப்பட்ட ஆண்பிள்ளைகள் உண்டு.

அதை முதலில் பார்த்தவர் யார் தெரியுமா? பாரிஸ் நகரத்து வானசாலையில் மெசியே என்ற நிபுணர் ஒரு வருஷத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், 1758 டிசம்பர் 25-ந் தேதி இரவு, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் பிரோலிஸ் என்ற கிராமத்திலிருந்த பாலிட்ஷ் என்பவர் பார்த்துவிட்டார். அவர் ஒரு குடியானவர். உழுது பயிரிட்டுக்கொண்டே, தானாகவே புஸ்தகம் படித்து, வானசாஸ்திரம் கற்றுக்கொண்டவர். இங்கே வேட்டியில் வயல் சேறு காயாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்காகவே இதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லுகிறேன். ஏசு பிறந்த நாளென்று ஊரெல்லாம் கோயிலுக்குப் போகிற அன்றைக்கு ஒரு விவசாயி வானத்தைப் பார்த்து, செத்துப்போன ஒரு மனிதர் எழுதி வைத்த வாக்கு மெய்தான் என்று கண்டுபிடித்தார்.

தோழர்களே! இதற்குப் பெயர்தான் விஞ்ஞானம். ஜோசியரும் வருங்காலம் சொல்லுகிறார், ஹாலியும் வருங்காலம் சொன்னார், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். ஜோசியர், "கொஞ்சம் கஷ்டம் வரும், பிறகு நிவர்த்தியாகும்" என்பார். யாருக்குத்தான் வராது? எதுதான் நிவர்த்தியாகாது? நடக்காவிட்டால் பரிகாரம் பலித்தது என்பார். நடந்துவிட்டால் தான் சொன்னது பலித்தது என்பார். எப்படிப் போட்டாலும் அவருக்குத் தட்சணை நிச்சயம். ஹாலி எழுதிக் கொடுத்ததோ தவணை குறித்த பத்திரம். அந்த வாக்கில் வால்நட்சத்திரம் வராமலிருந்தால் அவர் பெயரும் நியூட்டன் பெயரும் நாறிப்போயிருக்கும். பொய்யாய்ப்போக இடம் வைத்துச் சொல்லுகிறவன் சொல்லுக்குத்தான் மதிப்பு உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வால்நட்சத்திரம் கணக்குப்படி வருகிறது என்று ஆனவுடனே, அது யாருக்கும் வந்த ஓலை அல்ல என்று ஆகிவிட்டது. காலை ஏழு மணிக்கு நம் ஊர் ஸ்டேஷனுக்குத் தினம் ஒரு ரயில் வருகிறது. ஒரு நாள் ரயில் வந்த நேரத்தில் ஊர் மிராசுதார் மாரடைப்பால் இறந்துபோனால், அதை அறிவிக்கத்தான் ரயில் வந்தது என்று எவனாவது சொல்லுவானா? 1910-ல் அதே வால்நட்சத்திரம் தன் தவணைக்கு வந்தது. மே மாதம் 6-ந் தேதி எட்வர்ட் சக்கரவர்த்தி இறந்தார். பார்த்தாயா, பலித்துவிட்டது என்று பேசினவர்கள் உண்டு. அந்த மாதத்திலேயே பூமி அதன் வாலுக்குள் புகுந்து போகும் என்றும், வாலில் விஷவாயு இருக்கிறதென்றும் செய்தி வந்ததும், வால்நட்சத்திர விஷத்துக்கு மாத்திரை என்று விற்றுப் பணம் சம்பாதித்தவர்களும் உண்டு. அதுவும் எங்கே? படித்த மேல்நாட்டில்! வாலோ வெறும் காற்றைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒருவன் கடை போட்டு உட்கார்ந்துவிடுகிறான். கடையில் விற்பது மாத்திரையா விபூதியா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

1986-ல் அது மறுபடியும் வந்தது. அப்போது மனிதன் பூமியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஐரோப்பாக்காரர்கள் ஜியோட்டோ என்ற ஒரு கலத்தை அனுப்பி, மார்ச்சு 14-ந் தேதி சுமார் 600 கிலோ மீட்டர் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்தார்கள். உள்ளே இருந்தது என்ன? ஏறக்குறைய 15 கிலோ மீட்டர் நீளத்தில் ஒரு கட்டி, நிலக்கரியைவிடக் கறுப்பு, உறைந்த தண்ணீரும் தூசியும். சூரியன் பக்கம் வரும்போது வெயிலில் ஆவியாகிப் புகைகிறது. அந்தப் புகைதான் வால். எத்தனை ராஜாக்களை நடுங்க வைத்த தெய்வ ஓலை, கடைசியில் அழுக்கு ஏறிய பனிக்கட்டி.

இதோ ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "நீங்கள் சொல்லுகிற அந்தக் கணக்கையும் விதியையும் போட்டு வைத்தவர் யார்? அவர்தானே கடவுள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கேட்டவரை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

இந்தக் கேள்வி நியூட்டனுக்கும் இருந்தது. அவர் நாஸ்திகர் அல்ல. பைபிளுக்கு அர்த்தம் எழுதுவதில் ஏராளமான காலத்தைச் செலவழித்தவர். கிரகங்கள் ஒன்றையொன்று இழுப்பதால் நாளாவட்டத்தில் வழி கோணிப்போகும், ஒரு காலத்தில் கடவுள் கையை வைத்துச் சீர்ப்படுத்தவேண்டி வரும் என்று அவர் எண்ணினார். அதைக் கேட்டு, "உங்கள் கடவுள் அடிக்கடி ரிப்பேர் செய்யவேண்டிய மட்டமான கடிகாரத்தைச் செய்தவரா?" என்ற கருத்தில் லைப்னிட்ஸ் 1715-ல் பரிகாசம் செய்தார். இத்தனைக்கும் அவரும் ஆஸ்திகரே. பிறகு 1785-ல் லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக்காரர், வியாழனும் சனியும் வழி மாறுவதாகத் தோன்றுவது சுமார் 900 வருஷத்துக்கு ஒருதரம் தானே சுற்றிச் சரியாகிவிடுகிற ஆட்டம் என்று கணக்கிலேயே காட்டிவிட்டார். நியூட்டன் கடவுளுக்கு ஒதுக்கி வைத்த அந்த ரிப்பேர் வேலையும் போயிற்று. இப்படித்தான் மழை பெய்விக்கிற வேலை போயிற்று. இடி இடிக்கிற வேலை போயிற்று. கிரகணத்தில் பாம்பை ஏவுகிற வேலை போயிற்று.

விதிகள் ஏன் இருக்கின்றன என்று கடைசிக் கேள்வி கேட்டால், விஞ்ஞானம் "எனக்குத் தெரியாது" என்று சொல்லும். அப்படிச் சொல்ல அதற்கு வெட்கமில்லை. ஆனால் சீட்டு எழுதிய தோழரை நான் ஒன்று திருப்பிக் கேட்கிறேன். விதியைத்தான் நீங்கள் கடவுள் என்கிறீர்களா? அப்படியானால் எனக்கும் உங்களுக்கும் சண்டையில்லை. அந்த விதி தேங்காய் கேட்காது, தீட்டு பார்க்காது, இன்ன ஜாதியான் உள்ளே வரலாம், இன்ன ஜாதியான் வெளியே நில் என்று சொல்லாது, காணிக்கை போட்டவனுக்காக ஒரு அணுவளவும் வளையாது. ஆனால் வாதத்தில் "விதியே கடவுள்" என்று சொல்லி ஜெயித்துவிட்டு, கோயிலுக்குப் போனதும் வெள்ளிக் கவசம் போட்ட கடவுளுக்கு அர்ச்சனை செய்கிறார்களே, அந்த இரண்டு கடவுளுக்கும் என்ன உறவு? தெரியாத இடத்தில் "தெரியாது" என்று பலகை மாட்டலாம். உண்டியலை வைக்கக்கூடாது என்பதுதான் நான் சொல்லுவது.

நிற்க. கடவுள் நம்பிக்கையுள்ளவன் பணிவுள்ளவன் என்றும், நாஸ்திகன் அகம்பாவம் பிடித்தவன் என்றும் சொல்லுகிறார்கள். யார் அகம்பாவி என்று கொஞ்சம் அளந்து பார்ப்போம்.

சூரியனுக்குள் 13 லட்சம் பூமிகளைக் கொட்டலாம். அந்தச் சூரியன் 15 கோடி கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஒரு வினாடிக்கு மூன்று லட்சம் கிலோ மீட்டர் ஓடுகிற வெளிச்சத்துக்கே அங்கிருந்து வர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அடுத்த நட்சத்திரத்திலிருந்து வர நாலு வருஷத்துக்கு மேல். நம்முடைய நட்சத்திரக் கூட்டத்தில் மாத்திரம் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட சூரியன்கள். இதுதான் உலகம் முழுவதும் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தபோது, 1923-ல் ஹப்பிள் என்பவர் ஆண்ட்ரோமிடா என்ற மங்கலான திட்டில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து அளந்து, அது நம் கூட்டத்துக்கு வெகு வெளியே இருக்கிற இன்னொரு கூட்டம் என்று காட்டினார். அதன் வெளிச்சம் இங்கு வர 25 லட்சம் வருஷம் ஆகிறது என்பது இன்றைய கணக்கு. அவர் கையிலிருந்த அளவுகோலைச் செய்து கொடுத்தவர் ஹென்ரியட்டா லெவிட் என்ற அமெரிக்கப் பெண்மணி, காது கேளாதவர், சொற்பக் கூலிக்குப் படத்தகடுகளில் நட்சத்திரம் எண்ணிக்கொண்டிருந்தவர். 1912-ல் அளவுகோலைக் கண்டார், 1921-ல் இறந்தார், அதனால் ஹப்பிள் அளந்ததைப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட கூட்டங்கள் இன்னும் பல ஆயிரம் கோடி இருக்கின்றன.

காலத்தை அளப்போம். பூமிக்கு வயது 454 கோடி வருஷம். சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய அத்தனை கிலோ மீட்டர் இருக்கும். ஒரு கிலோ மீட்டருக்கு ஒரு கோடி வருஷம் என்று வைத்துக்கொண்டு, பூமி பிறந்த நாளில் சென்னையில் புறப்பட்டு நடந்து வாருங்கள். செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி எல்லாம் தாண்டியாயிற்று, மனிதனைக் காணோம். மதுரைக்கு ஆறரைக் கிலோ மீட்டர் இருக்கும்போது அந்தப் பெரிய பல்லிப் பிராணிகளெல்லாம் செத்தொழிந்தன. அப்போதும் மனிதனைக் காணோம். மதுரையில் கோயில் வாசலுக்கு நேரே வந்து, இன்னும் முப்பது மீட்டர்தான் பாக்கி என்கிற இடத்தில் மனிதன் பிறக்கிறான். ஒரு மீட்டர் இருக்கும்போது ஏர் பிடிக்கிறான். கடைசி ஒரு அடியில் வேதம், பைபிள், குரான், புராணம் எல்லாம். 454 கிலோ மீட்டர் பாதையையும், அதற்கு மேலிருக்கிற கோடானு கோடி சூரியன்களையும் ஒருவர் சிருஷ்டித்தது, கடைசி ஓரடியில் வந்த இந்தப் பிராணி தன்னைக் கும்பிடவேண்டும் என்பதற்காகத்தானாம்! அந்தப் பிராணியிலும் இன்னாருடைய மகளுக்குக் கலியாணம் தட்டிப்போகவேண்டும் என்பதற்காகச் செவ்வாய்க் கிரகம் ஏழாமிடத்தில் போய் உட்காருகிறதாம்! இப்படிச் சொல்லுகிறவன் பணிவுள்ளவன். "அப்பா, வானம் நம்மைக் குறித்து ஓடவில்லை" என்று சொல்லுகிற நான் அகம்பாவியா?

இந்த இடத்தில் ஒரு சாஸ்திரி எழுந்து, "எங்கள் புராணத்திலேயே பிரம்மாவுக்கு ஒரு பகல் 432 கோடி வருஷம் என்று இருக்கிறதே, உங்கள் பூமியின் வயதுக்குக் கிட்டத்தட்ட ஒத்திருக்கிறதே!" என்பார். பலரும் இதைக் கேட்டு அசந்துபோகிறார்கள். பெரிய எண் சொல்லுவது அளப்பது ஆகாது. பூமியின் வயதைக் கல்லிலுள்ள யுரேனியம் ஈயமாக மாறுகிற கணக்கிலிருந்து எடுத்தார்கள். எவரும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். 432 கோடியை எந்தக் கல்லில் எடுத்தார்கள்? அதே விஷ்ணு புராணமும் பாகவதமும் சூரியனுக்கு மேலே லட்சம் யோசனை தூரத்தில் சந்திரன் இருப்பதாகச் சொல்லுகின்றன. சூரியனுக்கு அப்பால் சந்திரன் இருந்தால் சூரிய கிரகணம் எப்படி வரும்? 432 கோடியை ஒப்புக்கொள்ளச் சொல்லுகிறவர் இதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லட்டுமே! ஒன்று ஒத்துப்போனால் ஞானதிருஷ்டி, ஒத்துப்போகாவிட்டால் தத்துவார்த்தமா?

நம் நாட்டில் அறிவே இல்லாமலிருந்தது என்று நான் சொல்லவரவில்லை. 499-ல் ஆரியபட்டர், பூமிதான் சுழலுகிறது என்றும், கிரகணம் நிழலால் வருகிறதென்றும் எழுதினார். ராகுவும் கேதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பிறகு 628-ல் நூல் செய்த பிரம்மகுப்தர், அவரும் நிழல் கணக்குத் தெரிந்த மகா நிபுணரே, ராகு இல்லை என்பது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதம் என்று ஆரியபட்டரைக் கண்டித்தார். கணக்கு ஒரு பக்கம், சாஸ்திரம் ஒரு பக்கம் நின்றபோது ஊருக்குச் சாஸ்திரத்தையே கொடுத்தார்கள். கணக்கைப் பஞ்சாங்கம் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். பஞ்சாங்கத்தில் கிரகணம் நிமிஷம் தவறாமல் வருகிறதே, பாம்பை நம்பியா அந்தக் கணக்கைப் போடுகிறார்கள்? போடும்போது நிழல், சொல்லும்போது பாம்பு!

இதில் என்ன நஷ்டம், பாம்பென்று நம்பினால் நம்பிவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. 2019 டிசம்பர் 26-ந் தேதி காலையில் நம் நாட்டிலே, கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வழியாக வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. எத்தனையோ பேர் தக்க கண்ணாடி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அதே காலை வேளையில் கர்நாடகத்தில் கல்புர்கிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஊனமாய்ப் பிறந்த சில குழந்தைகளைக் கழுத்து மட்டும் மண்ணில் புதைத்து வைத்திருந்தார்கள். கிரகண வேளையில் புதைத்தால் ஊனம் தீரும் என்று நம்பிக்கை. பத்திரிகைகளில் படம் வந்தது. அந்தக் குழந்தை அழுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்ற தாய் கொடியவளா? அல்ல. குழந்தை நடக்கவேண்டும் என்ற ஆசையால் செய்தாள். அந்த ஆசைக்கு எதிரே ஒரு வைத்தியரை நிறுத்தவேண்டிய நாடு ஒரு பாம்பை நிறுத்தி வைத்தது. இதுதான் நஷ்டம்.

ராஜாவுக்கு வால்நட்சத்திரம் ஓலையென்றால் ஏழைக்குப் பெரியம்மை ஓலை. அம்மா வந்திருக்கிறாள் என்றோம், வைத்தியம் செய்தால் அவளுக்குக் கோபம் வரும் என்றோம், வேப்பிலை கட்டினோம், கூழ் ஊற்றினோம். சென்ற நூற்றாண்டில் மாத்திரம் அந்த நோயால் உலகத்தில் சுமார் 30 கோடி பேர் செத்திருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிழைத்தவர்களில் கண் போனவர்கள் எத்தனையோ பேர். 1796-ல் ஜென்னர் மாட்டு அம்மையிலிருந்து எடுத்த பாலைக் குத்திக் காட்டினார். அம்மை குத்துகிறவர்கள் ஊருக்குள் வந்தபோது குழந்தைகளை ஒளித்து வைத்த வீடுகள் நம் நாட்டில் கொஞ்சமல்ல. இருந்தும் விடாமல் வீடு வீடாய் ஏறிக் குத்தினார்கள். இந்தியாவில் 1975-ஓடு தீர்ந்தது. உலகத்தில் தானாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977-ல். ஒழிந்துவிட்டது என்று 1980-ல் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் கூழ் ஊற்றியும் போகாத அம்மா, ஊசி குத்தினதும் எங்கே போனாள்?

படித்தவர்களுக்கு இது புரியாதா என்றால், படித்தவர்கள் சங்கதியையும் சொல்லுகிறேன். 2019 ஜூலையில் சந்திரனுக்குக் கலம் அனுப்பும் முன் விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் திருப்பதிக்குப் போய்க் கும்பிட்டு வந்தார். செப்டம்பரில் அது மெள்ள இறங்க முடியாமல் விழுந்து நொறுங்கியது. 2023 ஜூலையிலும் கலத்தின் பொம்மை மாதிரியை எடுத்துக்கொண்டு விஞ்ஞானிகள் அதே மலைக்குப் போனார்கள். ஆகஸ்டு 23-ந் தேதி கலம் அழகாய் இறங்கியது. அந்தச் சாதனையில் எனக்கும் பெருமைதான். ஆனால் கேட்கிறேன்: இரண்டு தடவையும் சாமி ஒன்று, மலை ஒன்று, கும்பிடு ஒன்று. மாறினது எது? கால்களைப் பலப்படுத்தினார்கள், நடு எஞ்சினை எடுத்தார்கள், எரிபொருள் அதிகம் வைத்தார்கள், இறங்கும் இடத்தை அரைக் கிலோ மீட்டரிலிருந்து நாலு கிலோ மீட்டர் நீளமாக விரித்தார்கள், கணக்கைத் திருத்தினார்கள். திருத்தினது தாங்கள், புகழ் மலைக்கு! தங்கள் மூளைக்குத் தாங்களே செய்துகொள்ளும் அவமரியாதை என்றுதான் நான் இதைச் சொல்லுவேன்.

அப்படியானால் மனிதன் ஒன்றுமில்லாத தூசிதானா என்று ஒரு பெரியவர் சென்ற கூட்டத்தில் என்னை வருத்தத்தோடு கேட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அறுபது வருஷம் நம்பியிருந்தவருக்கு, யாரும் பார்க்கவில்லை என்பது லேசான செய்தியல்ல. அவருக்கு நான் சொன்னது இது. ஐயா, சிறியவன் என்பது வேறு, கீழானவன் என்பது வேறு. வானத்தில் மேல் கீழ் என்பதே கிடையாது. பூமி உருண்டை, நமக்குக் கீழே என்பது அமெரிக்காக்காரனுக்கு மேலே. முகத்தில் பிறந்தவன் மேல், காலில் பிறந்தவன் கீழ் என்று சொன்னவன், வானத்தையும் அப்படியே ஏழு மேலுலகம், ஏழு கீழுலகம் என்று அடுக்கடுக்காய்க் கட்டி வைத்தான். தூரதிருஷ்டிக் கண்ணாடி அந்த அடுக்கைத் தேடிப் பார்த்தது, அங்கே இல்லை. இங்கே மாத்திரம் எதற்கு? அன்றியும், இத்தனை கோடி நட்சத்திரங்களில் எதுவும் தன் எடையைத் தான் அளந்ததாக நமக்குத் தெரியாது. இந்த ஓரடிப் பிராணி அளந்தது. டிரெஸ்டன் பக்கத்துக் குடியானவனும், கூலிக்கு நட்சத்திரம் எண்ணின செவிட்டு அம்மாளும் சேர்ந்து அளந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். இன்னும் ஒரு சீட்டு இருக்கிறது: "அந்த வால்நட்சத்திரம் இனி எப்போது வரும்?" 2061 ஜூலை மாதம் 28-ந் தேதி சூரியனுக்குக் கிட்டே வரும். எனக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்காது. அதோ தூங்குகிற குழந்தைகளுக்குக் கிடைக்கும். தேதியை வீட்டில் எழுதி வையுங்கள்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். மேடைக்குப் பின்னால் தோழர்கள் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்களே, அந்தக் குருவாகிய வியாழன் இன்றைக்கு நன்றாய்த் தெரிகிறது. அதைச் சுற்றி நாலு சந்திரன்கள் புள்ளி புள்ளியாய்த் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது அவைதான். எல்லாம் பூமியைச் சுற்றவில்லை என்று அவைதான் அவருக்குச் சொல்லின. சில பண்டிதர்கள் கண்ணாடிக்குள் பார்க்கவே மாட்டோம் என்று மறுத்தார்கள். பூமிதான் சுற்றுகிறது என்று எழுதினதற்காக 1633-ல் அவரை மண்டியிட வைத்து, சொன்னதை மறுக்கச் செய்தார்கள். செய்தது தவறு என்று போப் ஒப்புக்கொள்ள 1992 வரை ஆயிற்று. நமக்கு அந்தத் தொல்லையில்லை. வரிசையில் நில்லுங்கள், தாய்மார்களையும் பிள்ளைகளையும் முதலில் விடுங்கள், குழாயைக் கையால் தொட்டு அசைத்துவிடாதீர்கள். சாஸ்திரியார் யாராவது வந்திருந்தால் அவருக்கும் இடம் உண்டு, கட்டணம் கிடையாது.